ஹைட்ராக்கா எழுதிய ஒரு பக்கம்

வருகைப் பதிவேட்டில் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆள் இல்லை. பத்தொன்பது வருஷமாக எல்லோருக்கும் அவள் ஹைட்ராக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்த வாட்ச்மேன்கூட அப்படித்தான் கூப்பிடுவார். முதலில் ஒன்றிரண்டு தடவை முறைத்துப் பார்த்தாள். பிறகு போனால் போகிறது என்று விட்டுவிட்டாள்.

ஆறு கடலில் கலப்பதற்கு மூன்று கிலோமீட்டர் முன்னால், பாலத்தை ஒட்டி நின்ற இரண்டு மாடிக் கட்டடம் அது. ஆற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்கிற அலுவலகம். மாடியில் குளிர்சாதன அறைக்குள் பெரிய பெரிய இயந்திரங்கள். கீழே, வெயில் எட்டாத வடக்கு அறையில் இவளும் இவளுடைய நாற்பது கண்ணாடிக் கிண்ணங்களும். ஒவ்வொரு கிண்ணத்திலும் தெளிந்த தண்ணீர். அந்தத் தண்ணீருக்குள் ஹைட்ராக்கள்.

புதிதாக வருகிறவர்கள் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமே இல்லையேக்கா" என்பார்கள். நூல் பிசிறு மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கும். உருப்பெருக்கியில் பார்த்தால்தான் ஆள் தெரியும். ஒரு அரிசி நீளம்தான் உடம்பு. கீழே ஒட்டிக்கொள்ள ஒரு பாதம், மேலே ஒரு வாய், வாயைச் சுற்றி ஆறேழு மெல்லிய கைகள். மூளை கிடையாது, இதயம் கிடையாது, ரத்தம் கிடையாது. ஆனால் தண்ணீரில் துளி விஷம் கலந்தாலும் அதற்குத் தெரிந்துவிடும். முதலில் கை நுனிகள் தீக்குச்சித் தலை மாதிரி வீங்கும். அடுத்து கைகள் சுருங்கிக் குட்டையாகும். அப்புறம் மொத்த உடம்பும் மொட்டு மாதிரி மூடிக்கொள்ளும். அதற்கு மேலும் விட்டால் கரைந்தே போய்விடும்.

ஆற்றுக்கு மேல்பக்கம் ஒரு முலாம் பூசும் ஆலை இருந்தது. ஒவ்வொரு வியாழன் சாயங்காலமும் அதன் கழிவுக் குழாய்க்குக் கீழே மொண்ட தண்ணீர் பாட்டிலில் வரும். அதில் ஐந்து ஹைட்ரா, நல்ல தண்ணீரில் ஐந்து ஹைட்ரா என்று விடுவாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் பார்த்து நோட்டில் எழுதுவாள். ஒரு கை நுனி வீங்கியிருந்தாலும் புதிதாகத் தண்ணீர் எடுத்து வரச் சொல்லி, அடுத்த இரண்டு நாளும் கூடவே இருந்து திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். உறுதியானால் மேனேஜருக்குச் சிவப்புச் சீட்டு. பெரும்பாலும் எழுதுவது இரண்டே வார்த்தை: மாற்றம் இல்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை அவள் சிவப்புச் சீட்டு கொடுத்தாள். ஆலையை இரண்டு நாள் மூடினார்கள். நானூறு பேர் வீட்டில் உட்கார்ந்தார்கள். கடைசியில் பார்த்தால், கிண்ணம் கழுவப் புதிதாக வாங்கிய சோப்புத்தூள் சரியாக அலசப்படாமல் ஒட்டியிருந்திருக்கிறது. மேனேஜரை மேலிடத்தில் காய்ச்சி எடுத்துவிட்டார்கள். மறுநாள் அவள் மேஜை மேல் ஒரு சோப்புக் கட்டி, அதைச் சுற்றி ரிப்பன். "பிறந்தநாள் வாழ்த்துக்கள் ஹைட்ராக்கா" என்று ஒரு சீட்டு வேறு. அவளும் சேர்ந்து சிரித்தாள். வீட்டுக்குப் போய்க் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதாள்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்த வெள்ளிக்கிழமை அவள் செய்ததைக் கேட்கிறவர்கள், 'சோம்பேறித்தனம்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

அன்றைக்கு அவளுடைய அக்காவை வெளியூர் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருந்தது. மறுநாள் காலையில் கண் அறுவை. அக்காவுக்குப் புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. தங்கச்சி வந்தால்தான் மேஜையில் படுப்பேன் என்று அடம். மூன்று மணிக்கு பஸ். கைப்பையை அலுவலகத்துக்கே கொண்டுவந்திருந்தாள்.

ஒன்றரை மணிக்கு ஆலைக் கிண்ணத்தை உருப்பெருக்கியில் வைத்தாள். ஐந்தில் மூன்றுக்குக் கை நுனி வீங்கியிருந்தது. ஒன்றுக்குக் கைகள் பாதியாகச் சுருங்கியிருந்தன.

முதலில் நினைவுக்கு வந்தது சோப்புதான். கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். ஒரு வாசனையும் இல்லை. கழுவியது இவளேதான்; ஏழு தண்ணீரில் அலசியிருந்தாள். இருந்தும், சோப்பாகத்தான் இருக்கும் என்று மனசு ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டது. இல்லையென்றால் சனி, ஞாயிறு இரண்டு நாளும் இந்த அறையிலேயே இருக்க வேண்டும். அக்கா தனியாகப் போக மாட்டாள். திரும்பவும் பொய்ச் சீட்டு என்றால் இந்தத் தடவை ரிப்பனோடு போகாது.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பேனாவைத் திறந்து 'மாற்றம் இல்லை' என்று எழுதினாள். கிண்ணத்தைத் தொட்டியில் கவிழ்த்தாள். ஐந்தும் ஒரு சுற்று சுற்றிவிட்டு ஓட்டைக்குள் போயின. கையைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

அக்காவின் கண் நன்றாக வந்தது. அடுத்த வாரம் வந்த பாட்டிலில் ஹைட்ராக்கள் கை நீட்டி ஆனந்தமாக நின்றன. "பாத்தியா, சோப்பேதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பாரம் இறங்கின மாதிரி இருந்தது. அன்றைக்கு டீ நேரத்தில் யாரோ சொன்ன ஒரு மொக்கை ஜோக்குக்குக்கூட வாய்விட்டுச் சிரித்தாள்.

அவள் புருஷன் படகு இயந்திர மெக்கானிக். ஆறு கடலைத் தொடுகிற முகத்துவாரத்தில் படகுத்துறை, துறையின் ஓரத்தில் அவனுடைய தகரக் கொட்டகை. அந்த வெள்ளிக்கிழமை போய்ப் பன்னிரண்டாவது நாள். சாயங்காலம் வந்து கையில் இருந்த கிரீஸைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே சொன்னான்.

"இன்னைக்குத் துறையில யாருக்கும் வேலையே ஓடலை. ஒரு டால்பின் குட்டி செத்து மிதக்குது. தாய் அதை விட மாட்டேங்குது. மூக்கால முட்டி முட்டி மேல தூக்குது."

"எதுக்குத் தூக்குது?"

"மூச்சு விடட்டும்னு இருக்கும். அதுங்க மேல வந்துதானே மூச்சு வாங்கும்? தூக்குது, நழுவி விழுது, திரும்பத் தூக்குது. பாக்க முடியலை."

சாப்பிட உட்கார்ந்த பிறகும் அவள் தட்டில் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள். வாய்க்குப் போகவில்லை.

மறுநாள் அவனே மறுபடியும் ஆரம்பித்தான். "இன்னும் அங்கேயேதான் இருக்கு. தாய் ஒண்ணும் தின்ன மாதிரி தெரியலை. படகுக்காரங்க எல்லாம் சுத்திக்கிட்டுப் போறாங்க." அவனுக்கு ஒன்றும் தெரியாது. வீட்டுக்கு வந்து பொண்டாட்டியிடம் ஊர்க்கதை சொல்கிறான், அவ்வளவுதான். ஒவ்வொரு வார்த்தையும் அவளுக்கு ஊசியாக இறங்கியது. "போதும், சாப்பிடற நேரத்துல" என்று எரிந்து விழுந்தாள். அவன் திகைத்துப் போனான்.

மூன்றாம் நாள் குட்டி சேற்றில் ஒதுங்கியது. தாயைக் காணவில்லை. கால்நடை டாக்டர் ஒருத்தி வந்து, ஏலக் கொட்டகையின் சிமெண்ட் மேடையில் குட்டியைக் கிடத்தி அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹைட்ராக்கா அரைநாள் லீவு போட்டுவிட்டு அங்கே போய் நின்றாள். குட்டி அவளுடைய கைநீளம் இரண்டு இருக்கும். தோல் நனைந்த ரப்பர் மாதிரி மின்னியது. வாய் ஓரம் சிரிப்பது மாதிரி வளைந்திருந்தது. செத்த பிறகும் அந்த வளைவு போகவில்லை. அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

"எதனாலன்னு தெரியுமா டாக்டர்?"

டாக்டர் நெற்றியைப் புறங்கையால் துடைத்தாள். "நுரையீரல்ல சளி கட்டியிருக்கு. உடம்புல தெம்பே இல்லை. ஈரலைச் சோதனைக்கு அனுப்பணும். நீங்க யாருக்கா?"

"தண்ணி ஆபீஸ். மேல ஆலை இருக்குல்ல... ஒரு நாள் தண்ணி கெட்டுப் போயிருந்தா இப்படி ஆகுமா?"

"ஒரு நாள்ல ஆகறதில்லைக்கா. இதுங்க உடம்புல வருஷக்கணக்கா சேரும். மீன்ல இருந்து தாய்க்கு, தாயோட கொழுப்புல தங்கி, அப்புறம் பால் வழியா குட்டிக்கு. அதிலயும் முதல் குட்டிக்குத்தான் நிறைய போகும். பாவம், கொடுக்கறதும் பால்தான், கெடுக்கறதும் பால்தான்."

டாக்டர் சொன்னது அவளுக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. ஒரு நாளில் ஆவதில்லை. அப்படியென்றால் உன் வெள்ளிக்கிழமைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் திரும்பி நடக்கையில் அவளுக்கு வேறு ஒன்று உறைத்தது. வருஷக்கணக்கில் சேர்ந்தது என்றால், அந்த வருஷங்களில் நோட்டில் எழுதியது யார்?

பத்திரிகையில் படம் வந்தது. தாய் குட்டியைத் தூக்குகிற படம். ஊரே பொங்கியது. விசாரணைக்கு ஒரு அதிகாரியை அனுப்பினார்கள். ஆலைக்குச் சார்பாக ஓர் இன்ஜினியர் வந்தார். கட்டை மனிதர், எப்போதும் சட்டைப் பையில் மூன்று பேனா. முதல் கூட்டத்திலேயே அவர் போட்ட போடு இது:

"இவங்க பரிசோதனையிலதான் மாற்றம் இல்லைன்னு வந்திருக்கே. சரி, வந்திருந்தாத்தான் என்ன? ஹைட்ராங்கறது நல்ல தண்ணில இருக்கற புழு மாதிரி ஒண்ணு. டால்பின் கடல்ல இருக்கற பாலூட்டி. அதுக்கும் இதுக்கும் என்ன சார் சம்பந்தம்?"

அதிகாரி நிதானமானவர். ஹைட்ராக்கா பக்கம் திரும்பினார். "அம்மா, நீங்கதானே இதைப் பாக்கறவங்க. ரெண்டையும் ஒப்பிட்டு ஒரு பக்கம் எழுதிக் கொடுங்க. ஒண்ணுக்கு நடந்தது இன்னொண்ணுக்குச் சாட்சி ஆகுமா ஆகாதான்னு. புதன்கிழமை வாசிச்சுடலாம்."

அவள் நான்கு நாள் எடுத்து எழுதினாள். மாடியில் இருந்தவர்களைக் கேட்டாள், டாக்டரைக் கேட்டாள், பழைய பாடப் புத்தகங்களைப் புரட்டினாள். செவ்வாய்க்கிழமை மேனேஜர் அதை வாங்கி நின்றுகொண்டே படித்தார்.

'டால்பின் கடலில் வாழ்கிறது. ஹைட்ரா குளத்திலும் ஓடையிலும் வாழ்கிறது; கடல் தண்ணீரில் விட்டால் செத்துவிடும். டால்பினுக்கு நுரையீரல் உண்டு, மேலே வந்து மூச்சு வாங்க வேண்டும். ஹைட்ராவுக்கு மூச்சு என்று தனியாக ஒன்று கிடையாது. அதன் உடம்பு இரண்டே அடுக்கு, தண்ணீரில் இருப்பது நேராக உள்ளே போய்விடும். டால்பினுக்குத் தடித்த தோல், தோலுக்கு அடியில் கொழுப்பு; தண்ணீரில் இருப்பது மீன் வழியாக மெதுவாக வந்து சேரும். ஹைட்ராவை இரண்டாக வெட்டினால் சில நாளில் இரண்டு ஹைட்ரா ஆகும். டால்பின் ஏறக்குறைய ஒரு வருஷம் சுமந்து ஒரே ஒரு குட்டி போடும். ஒன்றிரண்டு வருஷம் பால் கொடுக்கும். ஹைட்ரா பக்கவாட்டில் மொட்டு விடும். மொட்டு வளர்ந்து கழன்றுபோகும். போனதை அது தேடாது. ஆகவே ஒன்றுக்கு நடந்ததை வைத்து மற்றதற்கு இதுதான் நடந்தது என்று சொல்ல முடியாது.'

"பிரமாதம்மா" என்றார் மேனேஜர். "ஒரு வார்த்தை மாத்த வேண்டாம். இதோட இந்த விஷயம் முடிஞ்சுது."

அந்தப் பக்கத்தில் ஒரு பொய்கூட இல்லை. ஆனாலும் பொய்க்கு அதைவிட நல்ல போர்வை கிடைக்காது.

"சார்," என்றாள். "அந்த வெள்ளிக்கிழமை கை சுருங்கித்தான் இருந்துச்சு. நான் சோப்புன்னு நினைச்சு எழுதாம விட்டுட்டேன்."

மேனேஜர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். பிறகு, "இதை யார் உங்களைக் கேட்டா?" என்றார். "டாக்டரே ஒரு நாள்ல ஆகறதில்லைன்னு சொல்லியாச்சு. நீங்க சொல்றதால அந்தக் குட்டி எழுந்து நீந்தப் போகுதா? உங்களுக்கு இன்னும் ஆறு வருஷம் சர்வீஸ் இருக்கு. எனக்கு ஒண்ணரை வருஷம். பேசாம வாசிச்சுட்டு வந்துடுங்க."

அவர் கெட்டவர் இல்லை. சோப்பு விவகாரத்தில் இவளுக்காகத் திட்டு வாங்கியவர். அதனாலேயே அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குக் கூசியது.

அன்று சாயங்காலம் புருஷனிடம் சொன்னாள். சமையலறை வாசலில் நின்றபடி, முகத்தைப் பார்க்காமல் கொட்டித் தீர்த்தாள். அவன் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தாள். கோபப்படத்தான் செய்தான், ஆனால் வேறு விஷயத்துக்கு.

"நான் தினமும் வந்து அந்தக் கதையைச் சொல்லிக்கிட்டிருந்தேனே. உன்னைக் கிள்ளிக்கிட்டே இருந்திருக்கேன். ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"எப்படிங்க சொல்றது?"

"இப்போ சொன்னியே, அப்படித்தான்."

கொஞ்ச நேரம் கழித்து, "நாளைக்கு என்ன பண்ணப் போறே?" என்று கேட்டான். அவள் தெரியாது என்றாள். காலையில் அவன் கொட்டகையைத் திறக்காமல் அவளோடு பஸ் ஏறினான்.

கூட்டத்தில் அவள் அந்தப் பக்கத்தை வாசித்தாள். ஆலை இன்ஜினியர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். முடித்ததும் அதிகாரி "நன்றிம்மா, உட்காருங்க" என்றார். அவள் உட்காரவில்லை.

"இன்னும் நாலு வரி இருக்கு சார். எழுதலை, வாயால சொல்றேன். ஹைட்ராவை நாங்க வளக்கறது டால்பினைப் பத்திச் சொல்ல இல்லை. தண்ணி எப்படி இருக்குன்னு சொல்லத்தான். அந்த வெள்ளிக்கிழமை அது சொல்லுச்சு. அஞ்சுல மூணுக்கு நுனி வீங்கியிருந்துச்சு, ஒண்ணுக்குக் கை சுருங்கியிருந்துச்சு. நான் மாற்றம் இல்லைன்னு எழுதிட்டு ஊருக்குப் போயிட்டேன். தண்ணியைத் திரும்ப எடுத்துப் பாக்கலை."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். இன்ஜினியரின் தலையாட்டல் நின்றது. அதிகாரி எழுதிக்கொண்டே, "வேற எந்த வாரமாவது இப்படி?" என்று கேட்டார்.

"தெரியலை சார். நோட்டைப் பாத்துத்தான் சொல்லணும்."

பழைய நோட்டுகளை எடுத்துவைத்து இரண்டு நாள் உட்கார்ந்தாள். இப்போது கல்யாணமாகிப் போய்விட்ட மகளின் அந்நாள் பள்ளிக்கூட ஆண்டுவிழா, தலைவலி, மின்சாரம் போன நாள், மழைக்கு முன் வீடு போய்ச் சேர ஓடிய நாள் என்று, சரியாகப் பார்த்தேன் என்று சத்தியம் செய்ய முடியாத வெள்ளிக்கிழமைகளின் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தாள். பதினோரு புள்ளி வந்தது. அதையும் கொண்டுபோய்க் கொடுத்தாள். "தானே போய்த் தலையைக் கொடுக்கறாளே" என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள்.

விசாரணை அறிக்கை ஒன்றரை மாதத்தில் வந்தது. குட்டி இறந்ததற்கான காரணத்தை உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று அதில் இருந்தது. கூடவே, அவள் சொன்ன தேதியை வைத்து ஆலையின் பதிவுகளைத் துருவியபோது ஒன்று தெரியவந்தது. சில வியாழக்கிழமைகளில் முலாம் தொட்டிகளைக் கழுவிய தண்ணீர் சுத்திகரிப்புக்குப் போகாமல், ஒரு பழைய குழாய் வழியாக நேரே ஆற்றுக்குப் போயிருந்தது. குழாயை வெட்டி அடைத்தார்கள். அவளுக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை, ஆறு மாதம் பரிசோதனைப் பக்கமே போகக் கூடாது, பாட்டில் கழுவுகிற வேலை. மேனேஜரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். போகிற அன்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டவர் அவளிடம் மட்டும் சொல்லவில்லை.

அக்காவுக்கு விஷயம் எட்டியபோது ஃபோனில் ஒரே புலம்பல். "ஏண்டி, என் கண்ணாலயா இவ்ளோ வினை வந்துச்சு? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒத்தைக் கண்ணோடயே இருந்திருப்பேனே."

"உன் கண்ணு என்னக்கா பண்ணும்? பாத்தும் எழுதாதது என் கண்ணுதானே."

"நல்லாப் பேசறே. இப்பல்லாம் எனக்கு எல்லாம் பளிச்சுன்னு தெரியுது. அதைச் சொல்லக்கூட வாய் வரலை." சொல்லிவிட்டு அக்காவே அழ ஆரம்பித்தாள். கடைசியில் இவள்தான் அக்காவைத் தேற்ற வேண்டியதாயிற்று.

ஆறு மாதம் அவள் பாட்டில் கழுவினாள். ஒவ்வொன்றையும் ஏழு தண்ணீரில் அலசினாள். ஏழாவது முடிந்ததும் சந்தேகம் வந்து எட்டாவதும் அலசுவாள். டாக்டர் ஒருநாள் வழியில் பார்த்து, "அக்கா, நீங்க உங்களையே போட்டு வதைச்சுக்கறீங்க. அந்தக் குட்டி உங்களால சாகலை" என்றாள். அவளுக்கு அது ஆறுதலாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. உங்களால்தான் என்று யாராவது சொன்னால் அழுதுவிடலாம். உங்களால் இல்லை என்று நிரூபித்தால் மறந்துவிடலாம். இரண்டும் இல்லாமல், தெரியாது என்று ஒரு பதிலைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

வடக்கு அறைக்குத் திரும்பிய முதல் மாதத்திலேயே, மறுபடி தண்ணீர் எடுக்கச் சொல்லி அவள் ஒரு சீட்டு கொடுத்தாள். ஐந்தில் ஒன்று, அதில் ஒரே ஒரு கை நுனி. புதிதாகத் தண்ணீர் எடுத்து இரண்டு நாள் பார்த்ததில் எல்லாம் சரியாக இருந்தது, அதையும் எழுதினாள். திங்கட்கிழமை காலை ஆலை இன்ஜினியர் மூச்சு வாங்க வந்து நின்றார்.

"ஒரு கையாம்மா? ஒரே ஒரு கை நுனிக்காக ரெண்டு நாள் என் ஆளுங்களை விரட்டினீங்களே!"

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காருங்க சார். நீங்க இதைப் பாத்திருக்கீங்களா?"

"எதை?"

"ஹைட்ராவை."

அவர் தயங்கினார். கூட்டத்தில் அதை வைத்து அப்படி வாதாடியவர் ஒருநாளும் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. குனிந்து உருப்பெருக்கியில் கண்ணை வைத்தார். அந்த நேரம் பார்த்து அது ஒரு கையை நீட்டி இரையைப் பிடித்து மெதுவாக வாய்க்குக் கொண்டுபோனது. அவர் நிமிரவே இல்லை. பையில் இருந்த மூன்று பேனாவும் ஒவ்வொன்றாக மேஜையில் விழுந்தன.

"இவ்ளோதானா இது?" என்றார் கடைசியில்.

"இவ்ளோதான் சார்."

அவர் பேனாக்களைப் பொறுக்கிக்கொண்டு, வந்த கோபத்தை எங்கே வைத்தோம் என்று தெரியாதவர் மாதிரி கிளம்பிப் போனார்.

அன்றைக்கு வீட்டில் இதைச் சொன்னபோது புருஷன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரிப்பு அடங்கியதும் கேட்டான், "இப்போ கொஞ்சம் லேசா இருக்கா?"

அவள் யோசித்துப் பார்த்துவிட்டு, "இல்லைங்க" என்றாள். "ஆனா தூக்கிக்கிட்டு வேலை பாக்க முடியுது."

அவன் சரி என்று தலையாட்டினான். அவள் எழுந்துபோய் மறுநாளைக்குப் போட வேண்டிய வெள்ளைக் கோட்டை இஸ்திரி போட ஆரம்பித்தாள்.